சீர்த்தட்டில் நீல அங்கிக்காரன்

பொம்மையை வாங்கி அதை வைத்து விளையாடுகிறவரைக் குழந்தை என்கிறோம். பொம்மையை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டி, அதைப் பற்றி மணிக்கணக்கில் பிறரிடம் பேசுகிறவனுக்கு சேகரிப்பாளன் என்று பெயர். குழந்தைக்காவது வளர்ந்தால் சரியாகிவிடும்.

நான் சேகரிப்பாளன். அக்காவின் மகளுக்குக் காது குத்திய அந்த வருடத்தில் என் பித்து உச்சத்தில் இருந்தது. துவாக்குடிப் பக்கம் பாய்லர் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகன் வேலை. பகல் முழுவதும் வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியின் மூலையில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டாவது வேலையைத்தான் அதிக அக்கறையோடு செய்தேன் என்பது மேலாளருக்குத் தெரியாது (இப்போது தெரிந்தாலும் பாதகமில்லை, அவர் ஓய்வு பெற்றுவிட்டார்).

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் அரண்மனை. வீட்டில் இருந்த ஒரே ஏ.சி. அங்கேதான் ஓடியது. காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம் என்று இருக்கும் ஊரில் காற்றில் ஈரம் அதிகம், ஈரம் பட்டால் பெட்டியின் பசை விட்டுவிடும் என்று அம்மாவிடம் விஞ்ஞான விளக்கம் கொடுத்திருந்தேன். அம்மா சித்திரை வெயிலில் கீழே ஃபேனுக்கு அடியில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். மேலே கடல் கடந்து வந்த வில்லன்களும் அவர்களுடைய அடியாட்களும் குளுகுளுவென்று நின்றார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அம்மா துடைப்பத்தோடு படியேறி வந்தால் வாசலிலேயே மறிப்பேன். பொம்மை என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஃபிகர் என்று சொல்ல வேண்டும். (அதைத் தெருவில் நின்று போனில் சத்தமாகச் சொல்லப் போய், எதிர்வீட்டு மாமி கொஞ்ச நாள் தன் மகளை மாடிக்கு அனுப்பவில்லை.)

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவன் நீல அங்கிக்காரன். ஏதோ ஒரு கார்ட்டூன் தொடரில் வில்லனுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நிற்கிற அடியாள் அவன். இரண்டு காட்சியில் வந்து மூன்றாவது காட்சியில் உதைபட்டுச் சாகிறவன். தொடரில் அவனுக்கு அங்கி சிவப்பு. தொழிற்சாலையில் யாரோ தூக்கக் கலக்கத்தில் சாயத்தை மாற்றி ஊற்றியதால் கொஞ்சம் பொம்மைகளுக்கு மட்டும் நீல அங்கி அமைந்துவிட்டது. வெல்டிங்கில் இப்படி ஒரு தப்பு கண்ணில் பட்டால் சிவப்புச் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டுத் தூக்கி எறிகிறவன் நான். ஆனால் நீல அங்கிக்காகப் பல வருடம் அலைந்தேன். அவன் பெட்டியோடு வந்து சேர்ந்த அன்று என் ஜென்மம் சாபல்யம் அடைந்ததாக எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதினேன். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல வேலைவெட்டி உள்ள பெரிய மனிதர்கள்தான். அதுதான் இதில் வெட்கக்கேடு.

அக்காவை மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்த வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கும். அத்தையின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட், யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த டார்ச் லைட், ரிப்பன் அவிழ்க்காத சுவர்க்கடிகாரம் என்று எல்லாமே வந்த மேனிக்கு உள்ளே இருந்தன. டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. சோஃபாவுக்குக் கடையில் போட்ட பாலிதீன் உறை, உட்கார்ந்தால் சரசரக்கும். ஷோகேஸ் சாவி எப்போதும் அத்தையின் இடுப்பில் இருக்கும். ஒவ்வொரு முறை அங்கே போய்விட்டு வரும்போதும் அக்காவுக்கு போன் போட்டு நான் நக்கலடிப்பேன். பொருளை வாங்குவது அனுபவிக்கத்தானே, இப்படிப் பூட்டி வைத்துப் பூஜை செய்கிறார்களே, என்ன ஜென்மங்கள் என்பேன். அக்கா சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிக்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை.

அவள் மகளுக்கு ஒரு வயது முடிந்து காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் கதாநாயகன். அவன் மேளதாளத்தோடு சீர் கொண்டு வந்து சபையில் வைக்க வேண்டும், அவன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தட்டுக்கணக்கு கட்டாயம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அந்தத் தட்டுகளில்தான் பெண்ணின் பிறந்த வீட்டுக் கௌரவம் இருக்கிறது. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த எங்கள் அப்பா ஓய்வு பெற்ற கையோடு காலமாகிவிட்டார். அப்பா இல்லாத வீடு, சீர் எப்படி வருமோ என்று அக்காவின் புகுந்த வீட்டுச் சொந்தங்கள் ஜாடைமாடையாகப் பேசியது அம்மாவின் காதுக்கு வந்திருந்தது. உடனே அம்மா அத்தைக்கு போன் செய்து இருபத்தொரு தட்டு வரும் என்று சொல்லிவிட்டாள்.

இருபது தட்டுகளுக்கு வேண்டியதை அம்மா தனியாளாகப் பெரிய கடை வீதிக்கும் வீட்டுக்கும் அலைந்து வாங்கினாள். பட்டுப்பாவாடை, வளையல், தேங்காய், பழம், பூ, இனிப்பு எல்லாம் வந்துவிட்டன. இருபத்தொன்றாவது, பொம்மைத் தட்டு. அந்த ஒன்றை மட்டும் என் பொறுப்பில் விட்டாள். உலகத்திலேயே பொம்மை வாங்கத் தெரிந்த ஒரே பிள்ளையைப் பெற்றிருக்கிறோம் என்ற நம்பிக்கை. நான் தினமும் நாளைக்கு வாங்கிடறேம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்குத்தான் கிளம்பினேன். ஆனால் அன்று தில்லைநகரில் ஒரு காபிக்கடையில் எங்கள் குழுவின் கூட்டம். ஐந்து நிமிடம் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். அங்கே பெட்டியை ஏன் பிரிக்கவே கூடாது என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். மைக் கிடைத்தால் விடுவேனா? கடைசியில் காபிக்கடைக்காரர் நாற்காலிகளைத் தலைகீழாக மேஜைமேல் கவிழ்க்க ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன்.

கடைவீதி மூடியாகிவிட்டது. குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குள் நுழைந்தால், கூடம் முழுக்கத் தட்டுகள் ரோஸ் நிறக் கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டித் தயாராக இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள்: "பொம்மைத் தட்டுக்கு நானே ஏற்பாடு பண்ணிட்டேன். நீ போய்ப் படு, காலையில சீக்கிரம் கிளம்பணும்."

எப்படி ஏற்பாடு செய்தாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மண்ணச்சநல்லூரில், ஆலைச் சாலைப் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்குச் சீர் ஊர்வலம் போயிற்று. நாதஸ்வரமும் தவிலும் முன்னால். பட்டு வேட்டி, ஜிப்பா, கழுத்தில் ரோஜா மாலையோடு நான். பின்னால் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் தட்டுகளை ஏந்தி வந்தார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வீடியோகாரர் நேராகப் பார்த்து நடக்கச் சொல்லியிருந்தார். மண்டபத்தில் தட்டுகளை மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். மொய் வாசிக்க வந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, தாய்மாமன் சீர் இருபத்தொரு தட்டு என்று ஊருக்கே அறிவித்தார். அக்கா மேடையில் மொட்டைத்தலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டுகளை ஒரு பார்வை பார்த்தேன்.

கடைசித் தட்டில், ரோஸ் நிறத் தாளுக்குள்ளே, நீல அங்கிக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு பக்கமும் என்னுடைய வேறு இரண்டு பெட்டிகள். அவை போகட்டும், அவை சாதாரண ஜனங்கள். இவனை நடுவில் நிறுத்தியிருந்தாள் அம்மா. பல வருடமாகக் காற்றுக்கூடப் படாமல் நான் காப்பாற்றிய பெட்டியின் நெற்றியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது.

அம்மாவை ஓரமாக இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தேன். அம்மாவுக்கு நான் எதற்குப் பதறுகிறேன் என்றே புரியவில்லை. எல்லாம் பிரிக்காமல் புதுசாகத்தானே இருந்தது, அதிலும் நீலம் பார்வைக்கு நன்றாக இருந்தது என்றாள். நீ பிள்ளைக்குக் கொடுக்கத்தானே இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்தாய் என்று வேறு கேட்டாள். திருப்பி எடுத்துவிடலாம், வேறு வாங்கி வைக்கலாம் என்று நான் ஆரம்பித்ததும் அவள் முகம் மாறியது.

"சபையில வெச்ச சீரைத் திருப்பி எடுத்தா உங்கக்கா இந்த வீட்டுல எப்படிடா தலை நிமிர்ந்து நடப்பா? அப்பா இல்லாத வீடுன்னு ஏற்கெனவே பேசிட்டிருக்காங்க."

மனிதனாக இருந்தால் அதோடு அடங்கியிருக்க வேண்டும். நான் சேகரிப்பாளன் ஆயிற்றே. ஒரு பக்கம் கூடப்பிறந்தவளின் மானம், இன்னொரு பக்கம் சாயம் மாறிப்போன ஒரு பிளாஸ்டிக் அடியாள். இதில் எது முக்கியம் என்று நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதே இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆசாரி வர இன்னும் நேரம் இருந்தது. கூட்டம் காபிக்கு எழுந்தது. நான் தட்டுகளைச் சரிசெய்கிறவன்போல மேடை முன் குந்தினேன். கடைசித் தட்டின் பின்பக்கம் கண்ணாடித் தாளைக் கிழித்து, பெட்டியை உருவி, அந்த இடத்தில் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைச் செருகினேன். பெட்டியை ஜிப்பாவுக்குள் முதுகுப்பக்கம் விட்டு வேட்டி பெல்ட்டில் சொருகிக்கொண்டேன். தாய்மாமனே தன் சீரைத் தானே திருடியது அந்த மண்டபத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். வேனில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று வாசலை நோக்கி நடந்தேன். படியிலேயே அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற மாப்ள? ஆசாரி வந்துட்டாரு. வந்து மணையில உக்காரு."

உட்கார்ந்தேன். பெட்டியின் மூலை முதுகெலும்பில் குத்தியதால் கொஞ்சம்கூடக் குனிய முடியவில்லை. தாய்மாமன் என்ன கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான் பார் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்களாம். மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். சிரித்தபடி என் மாலையைப் பிய்த்துத் தின்னப் பார்த்தது. ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டு, உடம்பை வில்லாக வளைத்து, இரண்டு காலாலும் என் வயிற்றில் உதைத்தது. பிள்ளையை விழாமல் பிடிக்க நான் குனிந்தேன். பெல்ட் தளர்ந்தது. ஜிப்பாவுக்கு அடியிலிருந்து நீல அங்கிக்காரன் வழுக்கி வெளியே வந்து, எனக்குப் பின்னால் நின்றிருந்த அத்தையின் காலடியில் விழுந்தான்.

அத்தை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். வாழைப்பழத்தைப் பார்த்தார்.

"இது சீர்த்தட்டுல இருந்ததாச்சே தம்பி?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த பெருமை அப்படியே வடிந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக என் மேல் அருவருப்பு வந்தது. அதற்குள் கூட்டத்தில் யாரோ, பிள்ளை அழுகிறதே, அந்தப் பொம்மையைப் பிரித்துக் கையில் கொடுங்கள், இன்னொரு காது பாக்கி இருக்கிறது என்றார்கள். மாமா அத்தையிடமிருந்து பெட்டியை வாங்கி மூடியில் நகத்தை வைத்தார்.

"பிரிக்கக் கூடாது!"

கத்தியது நான்தான். ஆசாரியே ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மொய் வாசிப்பவர், தாய்மாமன் ஏதோ பேச விரும்புகிறார் என்று நினைத்து மைக்கை என் வாயருகே நீட்டினார். முந்தின நாள் தில்லைநகரில் பேசியது நாக்கு நுனியிலேயே இருந்தது. மூளைக்குத் தகவல் போகும் முன்னால் அது வெளியே வந்துவிட்டது.

"பிரிச்சா அவ்வளவுதாங்க. வெளிச்சம் படக் கூடாது. ஈரம் படக் கூடாது. கை படவே கூடாது. குழந்தைங்க கையில மட்டும் குடுக்கவே கூடாது."

ஆலைச் சாலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அத்தனையையும் ஊருக்குச் சொன்னது. வெளியே அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தி மண்டபத்தை எட்டிப் பார்த்தார்களாம். என் மடியில் பிள்ளை கதறியது. ஒரு வயதுக் குழந்தைக்குப் பொம்மை கொடுக்கக் கூடாது என்று அதன் காதுகுத்தில், மைக்கில் அறிக்கை விட்ட தாய்மாமனைச் சபை மொத்தமும் வெறித்துப் பார்த்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அத்தை தொண்டையைக் கனைத்தார். மகன் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்தார்.

"தம்பி சொல்றதுதாங்க சரி. தட்டுல கிடந்தா பிள்ளைங்க பிச்சுப்புடும்னு மடியில வெச்சுக் காப்பாத்திட்டு இருந்திருக்காரு. மாமன் சீருக்கு மரியாதை தெரிஞ்ச பிள்ளை. யாரும் பிரிக்காதீங்க, இது ஷோகேஸுக்குப் போகட்டும்."

சபை ஆமோதித்தது. பொறுப்பான மாமன் என்றார்கள். அக்காவின் தலை மறுபடி நிமிர்ந்தது. எந்த அம்மாளை, பொருளைப் பூட்டி வைத்துப் பூஜை செய்கிற ஜென்மம் என்று கிண்டலடித்தேனோ, அந்த அம்மாள் ஒருவருக்குத்தான் உலகத்தில் என் பாஷை புரிந்தது. எங்கள் குழுவில் யாருக்கும் அவ்வளவு சுத்தமான கொள்கை கிடையாது. அவர் சும்மா நிற்கிறவரா? அங்கேயே சாவிக்கொத்தை எடுத்துப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, பெட்டியை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நீல அங்கிக்காரன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆசாரி இரண்டாவது காதைக் குத்தினார். பிள்ளை ஓவென்று அழுதது. நானும் அழுதேன். வீடியோவில் பார்த்தால் யாருடைய அழுகை பெரியது என்று சொல்வது கஷ்டம். தாய்மாமன் பாசத்தில் கண் கலங்குகிறார் என்று மைக்கில் அறிவித்தார்கள். முன்வரிசைப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது வேனில் அம்மா என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது உனக்கு அவ்வளவு உசிருன்னு எனக்கு எப்படிடா தெரியும்? நீ ஒரு நாள்கூட அதைக் கையில எடுத்து நான் பாத்ததில்லையே."

அந்த வாரம் ஏ.சி.யைக் கழற்றி அம்மாவின் அறையில் மாட்டினேன். (குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா அதைப் போடுவதே இல்லை. அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறாள்.)

நீல அங்கிக்காரன் இன்றும் மண்ணச்சநல்லூர் ஷோகேஸில், பீங்கான் செட்டுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் நிற்கிறான். நெற்றியில் குங்குமம் அப்படியே இருக்கிறது. வெயில் படுவதில்லை, தூசி படுவதில்லை, பெட்டிக்கு மேல் அத்தை தைத்துப் போட்ட பாலிதீன் உறை வேறு. பசை ஒரு இழைகூட விடவில்லை. ஏ.சி. போட்டு நான் காப்பாற்றியதைவிட நன்றாக இருக்கிறான். அந்த வீட்டுக்குப் போனால் முதலில் ஷோகேஸ் முன்னால் நிற்பேன். அத்தை பக்கத்தில் வந்து நின்று, பத்திரமா இருக்கு பாத்தீங்களா தம்பி என்பார். அந்தச் சாவி ஒரு முறைகூட என் கைக்கு வந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்தப் பரிசு வந்தாலும் சரி, சேலையோ குக்கரோ, ரிப்பனில் கை வைக்கும் முன்னால் யாராவது ஒருவர் தாய்மாமன்கிட்ட கேட்டுட்டுப் பிரிங்க என்பார்கள். என் கல்யாணத்தில் அக்கா மைக்கிலேயே சொன்னாள்.

அதெல்லாம் பழகிவிட்டது. போன மாதம் அக்கா மகளின் பிறந்தநாள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிட்டாள். இத்தனை வருடத்துப் பாவத்துக்குப் பரிகாரமாக, கடை கடையாக ஏறி இறங்கி, கை கால் எல்லாம் மடங்குகிற நல்ல பொம்மை ஒன்று வாங்கிப் போனேன். அதை அவள் பிய்த்துப்போட்டு விளையாட வேண்டும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. பெட்டியை வாங்கியதும் அவள் கண் விரிந்தது. கண்ணாடித் தாள் வழியாக உள்ளே பார்த்தாள். விரலால் ஒரு முறை தடவினாள். பிறகு நேராகப் போய் ஷோகேஸுக்குக் கீழே அதைச் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஏன் கண்ணு, பிரிச்சு விளையாடு என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தொட்டு, ரொம்ப ஆறுதலாகச் சொன்னாள்: "வேணாம் மாமா. பிரிச்சா நீங்க அழுவீங்களாமே."